கையடங்கும் விளக்கும் காக்கும் முறையும்

இருளுக்கு அஞ்சிய மனிதன் ஒளியைத் தேடி நடந்த வழி நெடியது. தீப்பந்தம், அகல்விளக்கு, அரிக்கேன் விளக்கு எனப் பல படிகளைக் கடந்து, சட்டைப்பையில் அடங்கும் மின்விளக்கில் வந்து நிற்கின்றான். இவ்விளக்குகள் ஒவ்வொன்றும் தன்னைக் கையாள்வோர்க்கு ஓர் ஒழுங்கைக் கற்பித்தது. அகலைக் கூரை ஓலைக்கு அருகில் வைக்கலாகாது என்பதும், எரியும் அரிக்கேனில் மண்ணெண்ணெய் ஊற்றலாகாது என்பதும் நம் அன்னையர் எழுத்தறியாமலே அறிந்திருந்த பாடங்கள். இன்று லித்தியம் மின்கலத்தால் ஒளிரும் சிறு கைவிளக்கு வீடுதோறும் புகுந்துவிட்டது. அது கற்பிக்கும் ஒழுங்கு யாது? அதனை அறியாமலே பலர் அதனோடு வாழ்ந்து வருகின்றனர்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மின்கலத்திற்கு என்ன இடம் என மாணவர் சிலர் வினவலாம். வினா பொருத்தமானதே. நாம் அறிவியல் பயின்றவர் அல்லோம். ஆயினும் நம் தெருவில் நிகழ்ந்த ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. வேதியியல் துறைப் பேராசிரிய நண்பரைப் பலமுறை அணுகி ஐயங்களைக் களைந்துகொண்டோம். அவ்வாறு அறிந்தவற்றை யாவர்க்கும் விளங்கும் தமிழில் எடுத்துரைப்பது தமிழாசிரியர் பணிக்கு அயலானதன்று எனக் கருதுகின்றோம்.

பழைய கட்டையும் பழைய பழக்கமும்

நம் இளமைக் காலத்தில் கைவிளக்கு என்றால் இரண்டு கட்டை டார்ச், மூன்று கட்டை டார்ச் என்றே வழங்கும். இரவில் வயலுக்கு நீர்பாய்ச்சச் செல்வோர்க்கும், கடைசிப் பேருந்தில் ஊர் திரும்புவோர்க்கும் அதுவே துணை. குழாய் வடிவிலான இக்கைவிளக்கிற்கு 1899ஆம் ஆண்டில் டேவிட் மிசெல் என்பார் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதனுள் இடும் கட்டையோ, பிரெஞ்சு அறிஞர் லெக்லாஞ்சே 1866இல் அமைத்த மின்கலத்தின் வழித்தோன்றல். துத்தநாகக் குவளை எதிர்முனையாகவும் கரிக்கோல் நேர்முனையாகவும் அமைய, இடையே நீரில் குழைத்த உப்புப் பசை நிற்கும். ஒரு கட்டையின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்.

அக்கட்டைகள் நமக்குச் சிக்கனத்தைக் கற்பித்தன. ஒளி மங்கினால் கட்டைகளைக் கழற்றி வெயிலில் வைப்போம். சூடேறியதும் அவை மேலும் சிறிது காலம் உழைக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிப் பழையதோடு சேர்த்திடுவோம். டார்ச்சுக்கு உதவாத கட்டை வானொலிப் பெட்டிக்குப் போகும். இவற்றால் பெருந்தீங்கு விளைந்ததில்லை. மிஞ்சிப்போனால் துத்தநாகம் அரிக்கப்பட்டுக் கட்டை ஒழுகும். விளக்கின் உட்புறம் உப்புப் பூத்துக் கெடும். இழப்பு சில ரூபாய்களோடு முடிந்துவிடும். பழைய மின்கலம் பிழை பொறுக்கும் குணமுடையது. அக்குணத்தை நம்பி வளர்ந்த பழக்கங்களைப் புதிய மின்கலத்தின்மீதும் செலுத்துவதே இன்றைய இடர்.

திண்ணையில் நிகழ்ந்தது

நாம் மாமா என்று அழைக்கும் முதியவர் ஒருவர் நம் தெருவில் வாழ்கின்றார். அவர் மகன் வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்தபோது, சாண் நீளமும் இல்லாத அழகிய அலுமினியக் கைவிளக்கு ஒன்றைத் தந்தைக்குக் கொணர்ந்தார். சி.ஆர். 123 ஏ எனப்படும் 3 வோல்ட் லித்தியம் மின்கலங்கள் இரண்டு அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தன. ஓராண்டில் ஒளி மங்கியது. அம்மின்கலம் நிழற்படக் கருவிகளுக்கும் உரியதாகையால் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் கிடைத்தது. விலையைக் கேட்ட பெரியவர் ஒன்றை மட்டும் வாங்கி, பழையவற்றுள் ஒன்றோடு சேர்த்திட்டார்.

அன்றிரவு மின்தடை. விளக்கை ஏற்றித் திண்ணையில் நிறுத்திவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் விளக்கு தொட இயலாதபடி சுட்டது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, அதனை எடுக்கத் துணி தேடி அவர் எழுந்த வேளையில், அதிர்வேட்டுப் போன்ற ஓசையுடன் அதன் பின்மூடி பறந்து எதிர்ச்சுவரில் காரை பெயரத் தாக்கியது. புகை சூழ்ந்தது. பெரியவர்க்குக் காயமில்லை, புகையினால் இரண்டு நாள் இருமினார். பிள்ளைகள் அங்கேயே அமர்ந்திருப்பின் என்னாகியிருக்கும் என எண்ணவும் நெஞ்சம் நடுங்குகின்றது.

மறுநாள் நம்மை அழைத்து, “நாற்பது வருசமா ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசுன்னுதானே தம்பி போட்டுக்கிட்டு வர்றேன்? அப்பல்லாம் ஆகாதது இப்ப ஏன் ஆச்சு?” என்று கேட்டார். விளக்குடன் வந்த தாளையும் எடுத்துக் காட்டினார். பழையதையும் புதியதையும் கலத்தலாகாது என்பது அதில் மிகச் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதை நாம் தமிழில் படித்துச் சொன்னதும், “இதை எனக்கு யாரும் சொல்லலையே” என்றார். அவர் எழுப்பிய முதல் வினாவுக்கு வேதியியல் விடை தரும். இரண்டாவது குறைக்கு விடை தர வேண்டியோர் நாமே.

லித்தியத்தின் இயல்பு

லித்தியம் 1817இல் சுவீடன் நாட்டு ஆர்ஃப்வெட்சன் பெட்டலைட் என்னும் கனிமத்தில் கண்டறிந்த தனிமம். கல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அது பெயர் பெற்றது. பெயர் கல்லாயினும் உலோகங்களுள் அதுவே மிக இலேசானது, நீரில் மிதக்கும், நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். ஆகவே இம்மின்கலத்துள் நீர் கலந்த பசையை இட இயலாது. அதற்கு மாற்றாக, எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான்களே மின்பகுளியில் அமைகின்றன. செறிந்த ஆற்றலும் எரிபொருளும் ஒரே குப்பிக்குள் உறைகின்றன என்பதை முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, பழையதும் புதியதும் சேர்வதில் என்ன கேடு? இரண்டு மின்கலங்கள் தொடராக அமையும்போது இரண்டின் ஊடும் ஒரே மின்னோட்டம் பாய்கின்றது. வலுக்குறைந்தது முன்னதாகவே வெறுமையாகும். ஆயினும் புதியது ஓய்வதில்லை. வெறுமையான மின்கலத்தின் ஊடாக மின்னோட்டத்தை வலிந்து செலுத்தும். அதனால் வலுவிழந்ததன் முனைகள் தலைமாறி, உள்ளே வெப்பம் பெருகும். லித்தியம் ஏறத்தாழ 180 பாகை செல்சியசில் உருகிவிடும் உலோகம். கரைப்பான் ஆவியாகி வளி பெருகும். நீர் புகாவண்ணம் இரப்பர் வளையமிட்டு இறுக மூடிய விளக்கில் அவ்வளி வெளியேற வழி ஏது? நீரைத் தடுக்கும் அதே மூடி வளியையும் தடுக்க, விளக்கே வேட்டுக்குழாயாகி விடுகின்றது.

மின்னேற்றும் மின்கலம்

மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யத்தக்க லித்தியம் அயனி மின்கலம் 1991இல் சோனி நிறுவனத்தாரால் விற்பனைக்கு வந்தது. அதன் ஆக்கத்திற்காகக் குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலநிற எல்.இ.டி.யைக் கண்ட அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் 2014இல் இயற்பியல் பரிசு பெற்றனர். நீல எல்.இ.டி.யினின்றே வெள்ளொளி எல்.இ.டி. பிறந்தது. அதற்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. லித்தியம் அயனி மின்கலம் ஒன்றே அதனை அளிக்க வல்லது. இரண்டு நோபல் பரிசுகளை ஒருங்கே நாம் சட்டைப்பையில் சுமக்கின்றோம் எனின் மிகையன்று.

கைவிளக்குகளில் பெரிதும் வழங்குவது 18650 என்னும் வகை. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதே அவ்வெண்ணின் பொருள். 3000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒன்றில் ஏறத்தாழ 11 வாட்-மணி ஆற்றல் உள்ளது. ஒரு கிலோ எடையுள்ள கல்லை நான்கு கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்க அது போதும். அத்துணை ஆற்றலின் இருமுனைகளையும் உள்ளே பிரித்து நிற்பது தலைமுடியினும் மெல்லிய நெகிழிப் படலமே. பெரும்பாலும் பாலித்தீனால் ஆகிய அது 130 பாகை அளவில் உருகும். படலம் அழிந்தால் முனைகள் கூடும். வெப்பம் வினையைத் தூண்ட, வினை வெப்பத்தை மேலும் பெருக்கும். எழும் புகையில் ஹைட்ரஜன் புளூரைடு என்னும் நச்சு வளியும் இருக்கும்.

2010ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் துபாயிலிருந்து புறப்பட்ட போயிங் 747 சரக்கு விமானம் தீப்பற்றி வீழ்ந்து விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். அதன் சரக்கில் பெருமளவு லித்தியம் மின்கலங்கள் இருந்தன. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 சனவரியில், உதிரியாக விற்கப்படும் 18650 மின்கலங்களை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டா என மக்களை எச்சரித்தது. அவை காப்புச் சுற்றுடன் கூடிய தொகுதிகளில் அடைத்துப் பயன்படுத்துவதற்கென்றே ஆக்கப்படுபவை. 18650 வகையில் நல்லனவற்றின் கொள்ளளவு 3500 அளவினது. மிக உயர்ந்தவை 4000ஐ எட்டலாம். 9900 என அச்சிட்ட உறையைக் கண்டால், அதனைப் பொய்க்குச் சான்றாகவே கொள்க.

கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள்

வாங்கும்போதே மின்கலம் ஒன்றில் இயங்கும் விளக்கைத் தேர்க. இரண்டு வேண்டும் விளக்காயின் இரண்டையும் ஒருசேர மாற்றுக. ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக அவை இருத்தல் வேண்டும். சி.ஆர். 123 ஏ சார்ஜ் செய்யத் தகாதது. அதே வடிவில் சார்ஜ் செய்யத்தக்க 16340 என்பதும் உண்டு. உருவம் ஒன்றாதலால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இடுதல் கேடு. பழைய கட்டையை வைத்ததுபோல் இதனை வெயிலில் வைத்தலும், பூட்டிய மகிழுந்தினுள் விட்டுச் செல்லுதலும் கூடா.

18650 மின்கலத்தின் உலோக உடல் முழுவதும் எதிர்முனையே. நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பும் அவ்வாறே. மேலுள்ள மெல்லிய உறை கிழிந்தால் விளக்கின் உலோக உடலைத் தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்படலாம்; கிழிந்ததை அப்படியே பயன்படுத்தற்க. உதிரி மின்கலத்தைச் சாவியோடும் நாணயத்தோடும் பையில் போடாது நெகிழிப் பெட்டியில் வைக்க. விளக்கைப் பையில் இடுமுன் பின்மூடியைச் சற்றுத் தளர்த்துக. பல விளக்குகளில் இதனால் தொடர்பு அறும். பைக்குள் தானே எரிந்து துணியைச் சுடும் தொல்லை நீங்கும்.

மின்கலத்தின் முழு மின்னழுத்தம் 4.2 வோல்ட், அதற்கு மேற்படாமல் நிறுத்தும் உரிய சார்ஜரையே பயன்படுத்துக. உறங்கும் வேளையிலும், மெத்தை மீதும் சார்ஜ் செய்யற்க. வீங்கியதை, நசுங்கியதை, நெடுநாள் முற்றும் வடிந்து கிடந்ததை மீண்டும் உயிர்ப்பிக்க முயலற்க. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 16046 பதிவு எண் உள்ளதா என நோக்குக. விமானத்தில் செல்வோர் உதிரி மின்கலங்களைச் சரக்கில் போடும் பெட்டியில் வைத்தல் கூடாது. முனைகளை மூடிக் கைப்பையிலேயே கொண்டு செல்க.

விளக்கு காரணமின்றிச் சுட்டாலோ, இனிய மணம்போல் கரைப்பானின் நெடி வீசினாலோ, கையில் எடுத்து ஆராயாமல் விலகிச் செல்க. சாவிக்கொத்து விளக்குகளில் உள்ள 20 மில்லிமீட்டர் வட்ட மின்கலம் குழந்தையின் உணவுக்குழலில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் திசுவை அரித்துவிடும். குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்கச் செய்யாமல், காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. பயன் முடிந்தவற்றைக் குப்பையில் எறிதலும் எரித்தலும் ஆகா. 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.

மாணவச் செல்வங்களுக்கு

இவ்வளவும் கேட்டபின் இம்மின்கலத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குதல் அறிவுடைமையன்று. முறையாக ஆக்கப்பெற்று முறையாகக் கையாளப்படும் மின்கலங்கள் கோடிக்கணக்கில் உலகெங்கும் நன்மையே புரிந்து வருகின்றன. சிக்கனத்தைக் கைவிடுமாறும் நாம் கூறவில்லை. எப்பொருளுக்கு எச்சிக்கனம் பொருந்தும் என அறிதலே வேண்டுவது.

ஆயினும் இவ்வறிவு எம்மொழியில் மக்களை அடைகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொருள் வீட்டின் உள்ளறை வரை வந்துவிட்டது. அதன் எச்சரிக்கையோ அயல்மொழியில், உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் அடங்காத எழுத்தில், பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகின்றது. இலக்கியம் பயிலும் மாணவர்கள் விடுமுறையில் இல்லம் செல்லும்போது ஒன்று செய்யலாம். வீட்டிலுள்ள கைவிளக்கின் மின்கலம் எவ்வகையினது எனப் பார்த்து, செய்யத் தகாதவற்றை நான்கு வரிகளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அவ்விளக்கை வைக்கும் இடத்தில் ஒட்டுக. பாட்டியார்க்கும் தம்பி தங்கையர்க்கும் அதனை ஒருமுறை படித்துக் காட்டுக. நான்கு வரியே எனினும், ஓர் உயிரைக் காக்குமாயின் அதனினும் சிறந்த எழுத்துப் பணி வேறு யாதுளது?