பதினேழு வினாடி

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 இருக்கிறது. 2004 மாடல். புதுச்சேரி அரசு அலுவலகத்தில் யு.டி.சி.யாக இருந்தபோது கடன் போட்டு வாங்கியது. ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான காரைக்குடிக்கு இந்த வண்டியில்தான் வந்து சேர்ந்தோம். 2014 ஜனவரியோடு மாருதி 800 தயாரிப்பே நின்றுவிட்டது. "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்று கேட்பவர்களிடம், "நானும் பழைய மாடல்தானே" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

போன வருடம் தை மாதம் முடிந்ததும் வண்டி வம்பு செய்ய ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்காது. முதலில் மூன்று வினாடி, பிறகு ஐந்து, பிறகு எட்டு. ஒரு கடையில் பார்த்தார்கள். "பேட்டரி போச்சு சார்" என்றார்கள். நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதுசு போட்டேன். மறுநாள் காலை அதே கதை. இன்னோர் இடத்தில் பிளக் மாற்றினார்கள். அப்போதும் அதே கதை. வெளிநாட்டில் இருக்கும் மகன், "அப்பா, அதை வித்துட்டு ஆட்டோவுல போங்க" என்றான். எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். சிக்ரி என்றால் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி ஆராய்ச்சியே அங்கு ஒரு பெரிய வேலை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பேட்டரிக்கு எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்த சொல் 'அக்யூமுலாத்தர்'. ஈய பேட்டரியை 1859-இல் கண்டுபிடித்த கஸ்தோன் பிளாந்தே பிரெஞ்சுக்காரர் என்பதால் அந்தப் பாடத்தை அவர் ஒரு பெருமையோடுதான் நடத்துவார். இதைச் சொன்னதும் சிக்ரிக்காரர் உற்சாகமாகிவிட்டார். மீட்டரை எடுத்து வந்து பார்த்தார். வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போதும் பத்துக்குக் கீழே இறங்கவில்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு சொல்லுங்க. செல்ஃப் விறுவிறுன்னு சுத்துதா, இழுத்து இழுத்துச் சுத்துதா?"

"விறுவிறுன்னுதான் சுத்துது. இன்ஜின்தான் பிடிக்க மாட்டேங்குது."

"பழைய பேட்டரியிலயும் அப்படித்தானா?"

"ஆமா."

"அப்ப அதை மாத்துனதே வீண். இழுத்துச் சுத்தினா பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார்னு பார்க்கணும். நல்லாச் சுத்தியும் பிடிக்கலைன்னா பெட்ரோலையோ பொறியையோ பார்க்கணும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. குறை இன்னதென்று எழுதாமல் 'ஆவன செய்யவும்' என்று மட்டும் மனு கொடுப்பவர்களைப் பார்த்து ஆபீசில் எத்தனை நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன்! கடைகளில் நானும் அப்படித்தானே மனு கொடுத்திருக்கிறேன்.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, வண்டி எவ்வளவு நேரம் நின்றது, பிடிக்க எத்தனை வினாடி என்று மூன்று கட்டம். மூன்று வாரத்தில் விஷயம் தெரிந்தது. ராத்திரி முழுக்க நின்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வினாடி. கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் நாலு, ஐந்து. பத்து நிமிடம் நின்றால் ஒன்றே ஒன்று.

நோட்டை மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு முன் அந்த ராத்திரி வந்துவிட்டது. மணி இரண்டு இருக்கும். மனைவிக்கு மூச்சு இழுத்தது. அவளுக்கு வீசிங் உண்டு. ஆனால் அவ்வளவு மோசமாக நான் பார்த்ததில்லை. கைத்தாங்கலாக முன் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். வண்டி பிடிக்கவில்லை. அவளால் பேச முடியவில்லை. கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பழக்க தோஷத்தில் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினேழு. பிறகுதான் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். அரை மணியில் மூச்சு அடங்கியது. சின்ன வயது டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: "எத்தனை நாளா ராத்திரி இழுக்குது? வாரத்துக்கு எத்தனை தடவை? படுத்த உடனேயா, விடியற்காலையிலயா? எதனால வருதுன்னு கவனிச்சீங்களா?"

ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. என் வண்டி பத்து நிமிடம் நின்றால் எத்தனை வினாடி, ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை வினாடி என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். நாற்பத்தைந்து வருடம் கூட இருந்தவளைப் பற்றி, "கொஞ்ச நாளா இருக்குங்க" என்றுதான் சொல்ல முடிந்தது.

மறுவாரம் கழனிவாசல் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் நோட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க சார். நிக்க நிக்க நேரம் கூடுதுன்னா லைன்ல பெட்ரோல் பிரஷர் நிக்கலைன்னு அர்த்தம்." மறுநாள் காலையில் வீட்டுக்கே வந்தார். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பச் சொன்னார். பின்னால் டாங்கிக்குள் பம்பு 'ஊங்' என்று இரண்டு வினாடி ஓடி நின்றது. ஆஃப் பண்ணி மறுபடி ஆன். இப்படி மூன்று முறை. பிறகு செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துவிட்டது! அப்புறம் கேஜ் மாட்டினார். வண்டியை நிறுத்தியதும் முள் மளமளவென்று இறங்கியது. டாங்கியிலிருந்து வரும் குழாயை இறுக்கிப் பிடித்தால் முள் அப்படியே நின்றது. பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுக்க பம்பிலேயே ஒரு வால்வு உண்டு, அது தேய்ந்திருந்தது. பம்பை மாற்றியதோடு தீர்ந்தது. அந்த ஆன்-ஆஃப் வித்தை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பதினேழு வினாடி மிச்சமாகியிருக்கும்.

அதே வாரம் இன்னொரு நோட்டும் போட்டேன். தேதி, எத்தனை மணிக்கு இழுத்தது, அன்று என்ன சாப்பிட்டாள், வீட்டில் என்ன நடந்தது. ஒரு மாதம் எழுதியபின் டாக்டரம்மாவிடம் கொண்டு போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் விரல் வைத்தார். மிளகாய் இடித்த நாள். கரண்டு போய்க் கொசுவர்த்திச் சுருள் கொளுத்திய ராத்திரிகள். சுருளை விட்டோம், கொசுவலை கட்டினோம். மிளகாயை மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்கிறோம். டாக்டரம்மா கொடுத்த இன்ஹேலரைத் தவறாமல் எடுக்கிறாள். முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் நோட்டில் இரண்டே இரண்டு வரிதான்.

இப்போது வண்டி இரண்டு வினாடியில் கிளம்பிவிடுகிறது. வண்டி நோட்டை மூடிவிட்டேன். இன்னொன்றைத் தினமும் காலையில் காபிக்கு முன்னால் எடுத்து வைத்துக்கொண்டு, "ராத்திரி எப்படி இருந்தது?" என்று கேட்கிறேன்.

"என்னங்க, காலங்காத்தால ஆபீஸைத் திறந்துட்டீங்களா?" என்கிறாள். ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறாள்.