சிவப்புக்கு அடியில் வெள்ளி

தேவிபட்டினத்துக்கு பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தோஷம் கழிக்கப் போகிறவர்கள். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வந்து, நவதானியத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஊர் போய்ச் சேருவார்கள். என் அக்கா வாக்கப்பட்டது அந்த ஊரில். போன மாசியில் நான் அங்கே போனது ஒரு கிட்டாருக்கு பெயிண்ட் அடிப்பதைப் பார்க்க.

கிட்டார் அக்கா மகனுடையது. எஞ்சினீயரிங் முடித்து இரண்டு வருடமாக வேலை தேடுகிறான். அதாவது, நேரம் நிறைய இருக்கிறது. கிட்டாரைக் கடையில் முழுசாக வாங்கவில்லை. உதிரி உதிரியாக ஓர் அட்டைப்பெட்டியில் வரும் ரகம். வழவழப்பாக்காத மர உடம்பு, கழுத்து, கம்பிகள், ஸ்க்ரூக்கள், நாலைந்து வயர். நாமே பூட்டி, நாமே பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு. "வெறும் கட்டையை விலை குடுத்து வாங்கியாந்திருக்கான்டா" என்று அக்கா போனில் புலம்பியபோது, கட்டிலையோ கதவையோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"என்ன கலர்டா?"

"கேண்டி ஆப்பிள் ரெட், மாமா. சாதா சிவப்பு இல்ல."

"செவ்வாய்க்கு உகந்த கலருதான்" என்றாள் அக்கா, அந்த ஊர்க்காரிக்கே உரிய சமாதானத்துடன்.

சாதா சிவப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியவேண்டுமானால், நம் பாட்டிகளின் கெம்புக்கல் நகையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லை அப்படியே பதித்தால் மங்கலாக இருக்கும் என்று, அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு வைத்து மூடிவிடுவார்கள். வெளிச்சம் கல்லுக்குள் புகுந்து, தகட்டில் பட்டு, மறுபடி கல்லின் வழியே வெளியே வரும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை சிவப்பில் குளித்த வெளிச்சம். அதனால்தான் உள்ளே நெருப்பு எரிகிற மாதிரி இருக்கிறது. கேண்டி பெயிண்டும் இதேதான். முதலில் வெள்ளி நிறம். அதன்மேல் கண்ணாடி போல ஊடுருவும் சிவப்பு. அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர்.

கார்களில் இதைப் பிரபலமாக்கியவர் கலிபோர்னியாவின் ஜோ பெய்லன். மழை நாளில் முன்னால் போன காரின் பின்விளக்கு ஈரச் சாலையில் சிதறியதைப் பார்த்து, அந்தச் சிவப்பைப் பிடிக்க வருடக்கணக்கில் கலந்து கலந்து பார்த்தார் என்று சொல்வார்கள். 1950களில் பிடித்துவிட்டார். ஃபெண்டர் கம்பெனி 1963ல் தன் கிட்டார் வண்ண அட்டையில் 'கேண்டி ஆப்பிள் ரெட்' என்று சேர்த்தது. கிட்டார் வண்ணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர்கள் டூபாண்ட்டின் கார் பெயிண்டையே அடித்தார்கள். அதில் ஒன்றின் பெயர் டூகோ. 1920களில் கார்களுக்காக வந்த பெயிண்ட். கார் பெயிண்ட் காய வாரக்கணக்கில் காத்திருந்த காலத்தை மணிக்கணக்காகச் சுருக்கியது. இன்றைக்கும் நம் ஊர் தச்சர்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் 'டூகோ அடிக்கணும்' என்கிறார்களே, அதே டூகோதான். ராமநாதபுரத்துக்கும் கலிபோர்னியாவுக்கும் இப்படி ஒரு சொந்தம் இருப்பது எனக்கு அன்று வரை தெரியாது.

ராமநாதபுரத்தில்தான் பாய் கிடைத்தார். புல்லட் டேங்க், வேன், கல்யாண கார் என்று முப்பது வருடம் ஸ்ப்ரே கன் பிடித்தவர். இப்போது பட்டறை மச்சினன் கையில். பாய் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதோடு சரி. இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் இளைக்கிறது. அந்தக் காலத்தில் மாஸ்க் எல்லாம் கிடையாது. மூக்கில் ஒரு கைக்குட்டை. கைக்குட்டை தூசியைக்கூட ஒழுங்காகத் தடுக்காது. தின்னர் ஆவியை எங்கே தடுக்கப்போகிறது? பின்னால் ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர் வந்தது. கண்ணாடி மாதிரி மினுங்கும். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வஸ்து சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், அப்புறம் துளி காற்றில் கலந்தாலும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பாய்க்கு அப்படித்தான் ஆயிற்று. பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு வருடம்.

"நான் அடிக்க முடியாது தம்பி. நீ அடி, நான் சொல்றேன். ஆனா ஹார்டனர் கலக்கப்படாது. பழைய லேக்கரே போதும். மெதுவாக் காயட்டும், என்ன இப்ப?"

பையன் கரி அடைத்த வடிகட்டி வைத்த மாஸ்க் ஒன்று வாங்கியிருந்தான். பாய் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ஒரு வாரம் கிட்டார் பக்கமே போகவிடவில்லை. மரத்துக்கு சீலர் அடித்துத் தேய், உப்புத்தாளை மாற்று, மறுபடி தேய். கழுத்து பொருந்தும் குழியில் டேப் ஒட்டு, பெயிண்ட் ஏறினால் கழுத்து உட்காராது. சாயங்காலமானால் அட்டைத் துண்டுகளில் வெள்ளி அடித்து, அதன்மேல் சிவப்பு ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட் என்று எண் போட்டுக் காயவைத்தான். ஒன்றில் ரோஸ்மில்க். ஐந்தில் மாதுளை. எட்டில் கருஞ்சிவப்பு.

இந்தப் பெயிண்டின் சங்கடம் முழுக்க அந்த அட்டைகளில் இருந்தது. சாதா பெயிண்ட் ஓர் இடத்தில் கூடுதலாக விழுந்தாலும் நிறம் ஒன்றுதான். இதில் கனம்தான் நிறம். கை ஒரு நொடி தயங்கினால் அங்கே ஒரு கறுப்புத் தழும்பு. அடித்துத் திருத்தலாம் என்று போனால் இன்னும் கறுக்கும். டச்சப் என்பதே கிடையாது. மொத்தத்தையும் சுரண்டிவிட்டு வெள்ளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சிவப்பு அடிக்கிற நாளை பாய்தான் குறித்தார், ஜோசியர் மாதிரி. ஈரக்காற்று வீசினால் லேக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் சட்டென்று ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்க, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. கடலோர ஊரில் காலையும் ஆகாது, சாயங்காலமும் ஆகாது. "வெயிலு சுள்ளுனு விழுகட்டும், பதினோரு மணிக்கு மேல."

பட்டறைப் பின்புறத்துத் தகரக் கொட்டகையில், ஒரு கட்டையில் முடுக்கித் தொங்கவிட்ட கிட்டார் உடம்பு. வெள்ளி பூசி, இரண்டு கொம்போடு, தோல் உரித்த ஆடு மாதிரி இருந்தது. பாய் தெருவில் காற்று வரும் திசையில் ஸ்டூலைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பார்க்க முடியாது. கேட்கத்தான் முடியும்.

கம்ப்ரஸர் ஓடியது. உஸ்ஸ்.

"கிட்டப் போயிட்ட. ஒரு சாண் தள்ளு."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "சத்தம் கனக்குதுல்ல சார்" என்றார். எனக்கு எல்லாம் ஒரே உஸ்ஸாகத்தான் கேட்டது.

"மரத்துக்கு வெளியவே அமுக்கி, வெளிய போய் விடு. உள்ள விடாத." "ஓரத்த ரெண்டு பக்கமும் அடிக்காத, கறுத்துரும்." "இப்ப யோசிச்ச. யோசிக்காத தம்பி." கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் கால் மணி நேரம். அந்த இடைவெளிகளில் டீ வந்தது. பாய் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாவது கோட் முடிந்ததும், "போதும், கன்னக் கீழ வை" என்றார். பையனுக்கு இன்னொன்று அடிக்க ஆசை. அவன் முகத்தைப் பார்க்காமலே, "வேணாம்னேன்ல" என்றார்.

கிளியர் அடித்த பிறகு ஒரு மாதம் தொங்கப்போட்டாகிவிட்டது. லேக்கர் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே தின்னர் போய்க்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பிறகு அமுங்கிப் பள்ளம் காட்டும். அந்த மாதத்தில் சென்னையிலிருந்து ஓர் இன்டர்வியூ வந்தது, போய்விட்டு வந்தான், பதில் வரவில்லை. அக்கா ஒன்பது கல்லையும் சுற்றிவிட்டு வந்தாள். அப்புறம் தண்ணீர் தொட்டு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் நம்பர் தாளால் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுத் துடைத்தபோது, நான் பார்த்ததைச் சொன்னால் மிகை என்பீர்கள். நிழலில் மாதுளை. வெயிலில் திருப்பினால் தணல்.

கழுத்தைப் பூட்டி, கம்பி கட்டி, ஆம்ப்ளிஃபையரோடு பாயிடம் கொண்டுபோனோம். பையன் தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை இரண்டு தடவை வாசித்தான். பாய் பாட்டைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. கிட்டாரை வாங்கி, வெயிலுக்கு எதிரே தூக்கி, விளிம்போடு விளிம்பாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"கொம்புகிட்ட ஒரு பூச்சு கூடிப்போச்சு."

பையன் முகம் சுருங்கியது.

"மூணாவது கோட்டுல. அப்பவே கேட்டுச்சு. சொன்னா கை நடுங்கும்னு விட்டுட்டேன்."

கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, உள்ளே மச்சினனின் மகன் ஒரு ஸ்கூட்டர் டூமுக்கு ப்ரைமர் அடித்துக்கொண்டிருப்பதைக் காட்டினார். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். மூக்கில் கைக்குட்டை.

"அந்த மாஸ்க் என்ன வெல தம்பி? எங்க கெடைக்கும்?"