ஏழாயிரம்பண்ணை: கரிசல் காட்டில் ஒரு பாளையம்

சாத்தூருக்குத் தென்மேற்கே கரிசல் காட்டின் நடுவே இருக்கிறது ஏழாயிரம்பண்ணை. இன்று பட்டாசு ஆலைச் செய்திகளில்தான் இந்தப் பெயர் அடிபடுகிறது. ஒரு காலத்தில் இது ஒரு பாளையத்தின் தலையூர்.

துங்கபத்திரைக் கரையில் இருந்துகொண்டு இந்த மானாவாரி பூமியை நேரடியாக ஆள விஜயநகர மன்னர்களால் முடியவில்லை. மதுரையில் நாயக்கரை அமர்த்தினார்கள். 1529 வாக்கில் பொறுப்பேற்ற விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாதரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களை ஆளுக்கொன்றாக ஒப்படைத்தார்கள் என்பது மரபு. எல்லையில் இருப்பவனுக்குத் தலைநகர்க் கோட்டையில் ஒரு பங்கு! அதிகாரத்தைவிட இந்த ஏற்பாடுதான் பேரரசைத் தாங்கியது என்பேன். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பிறகும் பாளையங்கள் நிலைத்தது அதனால்தான்.

பாளையக்காரர் கப்பம் கட்டினார், போருக்கு ஆள் அனுப்பினார். ஊருக்கு அவர் வேண்டியிருந்தது காவலுக்காக. களவு போனால் துப்புத் துலக்க வேண்டும். முடியாவிட்டால் பறிபோனதற்கு ஈடு கொடுக்க வேண்டும். காவல்வரி என்ற பெயரில் குடிகளைக் கசக்கியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

1799இல் கட்டபொம்மனோடு நின்றதால் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, ஏழாயிரம்பண்ணையைப் பறிமுதல் செய்தது. காவல் உரிமையும் பாளையக்காரர்களின் கையைவிட்டுப் போனது. வசூலும் உத்தரவும் மட்டும் மிஞ்சின.

பதில் சொல்ல வேண்டியவர் தூரத்தில் இருப்பது இன்றும் மாறவில்லை. இப்போது இந்த வட்டாரத்தில் பட்டாசு ஆலைகளை உரிமத்தால்தான் அடையாளம் சொல்கிறார்கள்: மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், மத்திய வெடிபொருள் துறை தரும் சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். ஆலை பெரிதாகப் பெரிதாக அனுமதி தரும் இடம் தள்ளிப் போகிறது. எந்த வேதிப்பொருள் கூடும், எது கூடாது என்பதை டெல்லியில் உச்ச நீதிமன்றம் சொல்கிறது. 2018இல் பேரியம் உப்புகளுக்குத் தடை வந்தது. காற்று மாசுக்காக வந்த அந்தத் தடை நியாயமானதே. மருந்துக் கலவை அறையில் உயிர் போகிறவர்கள் மட்டும் இந்த ஊர்க்காரர்கள்.

உரிமம் எங்கிருந்தும் வரட்டும். பொறுப்பேற்கும் காவல் உள்ளூரில் இருக்க வேண்டும்: அறை அறையாகப் போய்ப் பார்த்து, விபத்து நடந்தால் ஊராருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரி ஒருவரை அரசு இங்கேயே அமர்த்த வேண்டும்.