மூன்று வெள்ளை இழைகள்

எடின்பரோவுக்கு வந்த புதிதில் டார்ட்டன் என்றாலே எனக்கு ஆண்களின் துணிதான். குலத்துக்கு ஒரு கட்டம், படைப்பிரிவுக்கு ஒரு கட்டம். ஸ்காட்லாந்தில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்களுக்காக 2025இல் ஒரு டார்ட்டன் பதிவாகியிருக்கிறது என்று தோழி சொன்னபோது, அதன் இழைக்கணக்கைத் தேடிப் படித்தேன்.

கறுப்பும் சாம்பல் நிறமும் அந்த இருண்ட காலத்துக்கும் எரிந்தவர்களின் சாம்பலுக்கும். சிவப்பு, இரத்தம். இளஞ்சிவப்பு, அன்றும் இன்றும் வழக்குக் காகிதங்களைக் கட்டும் நாடா! வக்கீல் ஒருவரும் எழுத்தாளர் ஒருவருமாக இரண்டு பெண்கள் தொடங்கிய இயக்கம், அதனால் நாடாவை மறக்கவில்லை போலும். கறுப்புப் பட்டையில் 173 இழைகள். சூனியச் சட்டம் 1563 முதல் 1736 வரை, அத்தனை ஆண்டுகள் இருந்தது. ஏறத்தாழ 4,000 பேர்மீது குற்றம் சாட்டினார்கள், பெரும்பாலோர் பெண்கள். கழுத்தை நெரித்துக் கொன்றபின் எரிப்பதே வழக்கம்.

வெள்ளைக் கட்டத்துக்கு மூன்றே இழைகள், மூன்று கோரிக்கைகள்: சட்டப்படி மன்னிப்பு, அரசு கேட்கும் மன்னிப்பு, நினைவுச்சின்னம். முதல் இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது என்னை உறுத்துகிறது. குற்றமே செய்யாதவளை யார் மன்னிப்பது? கேட்கும் மன்னிப்பை மட்டும் 2022 மகளிர் தினத்தன்று முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் கேட்டார்.

நான் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். “சூனியக்காரி!” என்று கத்திவிட்டு ஓடுவோம். நானும்தான். அவர் பெயர் என்னவென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.