ரூபா எழுதாத கொப்பி

பருத்தித்துறையில் எங்கள் பலசரக்குக் கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. அப்பா காலத்தில் தொடங்கிய வழக்கம். கடலை நம்பிய குடும்பங்கள் சாமானை எடுத்துப் போவார்கள். மீன் பட்டதும் வந்து தீர்ப்பார்கள்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அண்ணை 400 கிராம் பால்மா பைக்கற் ஒன்றைக் கடனாக எடுத்தார். 540 ரூபா என்று எழுதினேன். 7ஆம் திகதி மத்திய வங்கி டொலரைக் கட்டிப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தியது. 203 ரூபாவில் நின்ற டொலர் மாத முடிவில் 300ஐ ஒட்டியது. மே மாதம் 360ஐத் தொட்டது. பால்மா மார்ச்சிலேயே ஒரே தாவலில் 790 ரூபா ஆனது.

ஏப்ரலில் அண்ணை சொன்னபடியே வந்தார். “தம்பி, 540தானே? எண்ணிப் பார்.” எண்ணினேன், சரியாக இருந்தது. அந்தக் காசில் அதே பைக்கற்றை எடுத்து அடுக்க என்னால் முடியாது. அவர் வாக்குத் தவறவில்லை, நானும் கூட்டிக் கேட்கவில்லை. ஆனாலும் எங்கள் இருவருக்கும் நடுவில் 250 ரூபா காணாமல் போயிருந்தது. அதை எடுத்தவன் யார் என்று இரவு முழுக்க யோசித்தேன்.

2019 முடிவில் நாட்டின் கையில் 760 கோடி டொலர் இருந்தது. அந்த நேரம்தான் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கினார்கள். கொரோனா வந்து உல்லாசப் பயணிகளும் நின்றார்கள். வருமானம் விழுந்த இடத்தை அச்சடித்த காசு நிரப்பியது. வெளிநாட்டுக் கடனுக்கோ டொலர்தான் கட்ட வேண்டும். 2022 ஏப்ரல் 12 அன்று அந்தக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய டொலர் 5 கோடிக்கும் குறைவு என்று மே மாதம் நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார்.

இதில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு. டொலரைக் கட்டிப் பிடித்திருந்த காலத்தில், ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி அனுப்பிய காசு வங்கியால் வந்தால் டொலருக்கு 203 ரூபா, வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியலால் வந்தால் 240 கிடைத்தது. நாங்கள் உண்டியலில்தான் எடுத்தோம். ஊரில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். வங்கிக்குள் வராத அந்த டொலர்தான் எண்ணெய்க் கப்பலுக்கும் பால்மாவுக்கும் கட்ட இல்லாமல் போன டொலர்.

வள்ளங்களை ஓட்டும் மண்ணெண்ணெயும் அதே கதை. பலகையில் லீற்றர் 87 ரூபா, தாங்கியில் ஒரு சொட்டும் இல்லை. கான்களைக் கயிற்றால் கோத்து வரிசையில் விட்டுவிட்டு மனிதர்கள் நிழல் தேடிப் படுத்திருந்தார்கள். கரையில் வள்ளங்கள் காய்ந்தன. ஓகஸ்ட் 22 அன்று விலை 340 ஆனது. கிடைக்கத் தொடங்கிய எண்ணெய்க்குக் கடலில் படும் மீன் கட்டுப்படியாகவில்லை.

1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்தவர் அப்பா. அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார்: “அப்ப சாமான் வரேல்லை. இப்ப காசு நிக்குதில்லை.”

மே மாதம் கொப்பியில் ஒரு கோடு கீறினேன். அதற்குக் கீழே ரூபா எழுதவில்லை. பால்மா 1, சீனி 2 கிலோ, பருப்பு 500 கிராம் என்று மட்டும் எழுதினேன். தீர்க்கும் நாளின் விலையே விலை. அண்ணையிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் தாற மீனையும் கிலோவாலை எழுது” என்றார். நியாயம்தான். அந்தப் பக்கத்தில் பாரை 3 கிலோ என்று எழுதினேன்.

என் நட்டம் நின்றது. அவர் சுமை கூடியது. பால்மா ஏறிய வேகத்துக்கு மீன் ஏறவில்லை. அவர் பிள்ளைகள் பாலில்லாத தேத்தண்ணிக்கு மாறினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் குறுகும்.

செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டது. யூலையில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. “குறைஞ்சிட்டாம் எண்டு ரேடியோவிலை சொல்லுறாங்கள். ஏன் தம்பி பழைய விலைக்கு வரேல்லை?” என்று அண்ணை கேட்டார். விலை ஓடுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது, ஓடிப்போன தூரம் திரும்பி வராது என்றேன். சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

அன்றைக்கு அவர் சீனியும் பருப்பும் எடுத்தார். பேனையைத் திறந்தபடி கேட்டேன்: “ரூபாவாய் எழுதட்டோ, அண்ணை?”

“ஒரு கிழமைக்குள்ளை தாறன். எழுது.”

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அந்தக் கொப்பியில் ஒரு தொகை எழுதினேன்.