ஒட்டாத எழுத்து

எங்கள் காரைப் பதினோரு ஆண்டுகள் ஓட்டியவர் என் கணவர். நீரிழிவு அவருடைய விழித்திரையைச் சிறிது சிறிதாகத் தின்னத் தொடங்கியபின், ஒரு மாலை சாவியை மேசைமீது வைத்து, "இனிமே நீ கத்துக்கோ" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்பத்தாறாம் வயதில் பழகுநர் உரிமம் பெற்றேன்.

வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து வேண்டும் என்றார்கள். ஸ்டிக்கர் வாங்கி வந்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பசை பெயின்டுல நிக்கும், ஒட்டாதே" என்றார். பசையைப் பற்றித்தான் சொன்னாரா என்பது எனக்கு இன்றும் ஐயமே. ஸ்டிக்கரை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கல்லூரிக்குப் போகும் வழியிலிருந்த ஸ்டிக்கர் கடைக்குச் சென்றேன்.

கடைத் தம்பி, "காந்த ஷீட்டுல போட்டுரலாம் மேடம், வேணும்னா எடுத்துக்கலாம்" என்றான். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லும் அளவை எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: வெள்ளைப் பின்னணியில் 18 செ.மீ. சதுரம், எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிப்பு, அடியில் 9 செ.மீ. அகலம். தொல்காப்பியர் எழுத்துக்கு மாத்திரை சொன்னார். போக்குவரத்துத் துறை சென்டிமீட்டர் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காந்தத் தாளின்மேல் நேரடியாக அச்சடிப்பான் என எண்ணியிருந்தேன். அவனுடைய இயந்திரத்தில் அது முடியாதாம். தாள் நகரும் பாதையில் இரும்புத் தகடு இருக்கிறது. தாள் அதைக் கவ்விக்கொண்டு நகர மறுக்கும். ஆகவே வினைலில் தனியாக அச்சடித்து, மை காய்ந்தபின் மேலே லேமினேஷன் ஏற்றி, முக்கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள காந்தத் தாளின்மேல் குமிழ் விழாமல் ஒட்டினான். பிளாட்டரின் கத்தி இத்தடிப்பை முழுதும் அறுக்காது என்பதால், மேசையில் வைத்துக் கத்தியால் இரண்டு மூன்று முறை கீறி, மடித்து ஒடித்தான். மூலைகளை வளைவாக நறுக்கினான். கூர்மூலையில் காற்று எளிதில் நுழைந்து தாளைத் தூக்கிவிடுமாம்.

எஞ்சிய இரு துண்டுகளைக் கையில் கொடுத்து, முதுகோடு முதுகு உரசச் சொன்னான். ஒரு திசையில் வழுக்கியது. மறுதிசையில் பல்சக்கரம்போல் 'டக் டக்' என்று தடுக்கியது. ஃபெரைட் தூளை ரப்பர் போன்ற பொருளில் குழைத்துத் தகடாக உருட்டி, வடக்கும் தெற்கும் மாறி மாறி வரிகளாக வரும்படி காந்தமேற்றுகிறார்கள். ஈர்ப்பின் பெரும்பகுதி ஒரு பக்கத்திலேயே நிற்பதால், முதுகு கவ்வும். முகத்துக்கு வலு குறைவு.

சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் மெய்கண்டார் காந்தத்தை உவமையாக்குகிறார். அங்கே இரும்புக்கு அவர் ஆளும் சொல் 'பசாசம்'. பிசாசு என்று எண்ணி வகுப்பில் யாராவது சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பொருள் சொல்வேன். அந்தக் கடையில்தான் முதன்முறையாக அந்த இழுப்பை என் விரல்கள் அறிந்தன.

முன்புறம் பானெட்டில் சட்டெனப் பற்றியது. பின்புறம் பம்பர் பிளாஸ்டிக். அதில் வைத்ததும் நழுவி விழுந்தது. பின்கதவின் தகட்டில் வைத்தபோது நின்றது. "டெய்லி எடுத்துத் துடைச்சு வைங்க மேடம், உள்ள தண்ணி தங்கக்கூடாது" என்று தம்பி எச்சரித்து அனுப்பினான்.

கொழுந்தனார் அருகில் அமர்ந்து பழக்கினார். என் கணவர் பின்னிருக்கையில் இருப்பார். கியர் மாற்றும் ஓசையை வைத்தே பிழையைக் கண்டுகொள்வார். ஆனால் சொல்லமாட்டார், தொண்டையைச் செருமுவார். வீடு திரும்பியதும் இரண்டு எழுத்துகளையும் உரித்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைப்பேன். அப்போதெல்லாம் கார் மீண்டும் அவருடையதாகிவிடும்.

ஐப்பசி மழையில் விடைத்தாள் திருத்தும் பணியும் சேர்ந்துகொண்டது. இரண்டு வாரங்கள் எழுத்தை எடுக்க மறந்தேன். தேர்வில் தேறி உரிமம் பெற்ற அன்று பானெட்டிலிருந்து உரித்தால், அடியில் ஈரம்; வண்ணத்தில் மங்கிய ஒரு சதுரம். எந்தக் கறை படியக்கூடாது என்று இவ்வளவு செய்தேனோ, அது படிந்தேவிட்டது. துணியால் தேய்த்தும் போகவில்லை. அவரிடம் சொல்லாமல் இருந்தேன்.

பார்வை மங்கியபின்னும் ஞாயிறுதோறும் காரைத் துடைப்பவர் அவர்தான். அந்த ஞாயிறு சமையலறைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பானெட்டின் நடுவில் அவர் கை நின்றது. விரல் நுனியால் சதுரத்தின் விளிம்பைத் தேடி, நான்கு பக்கமும் மெல்லச் சுற்றிவந்தார்.

வெளியே சென்று, "பாலிஷ் போட்டா போயிடும்னு சொல்றாங்க" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார். பிறகு துணியை உதறி மடித்துவிட்டு, வழக்கமாக ஏறும் பின்கதவைத் தாண்டி, முன்னிருக்கையின் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.