ஏலம் கேட்டவர் பணம் தரவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். நேரம் இல்லாதவர்கள் கடைசியில் எழுதியிருப்பதை மட்டுமாவது படியுங்கள், உதவும்.

போன மாதம் ஸ்டாம்பு ஏலக் குழுவில் நான் ஒருவர் பெயரைப் போட்டு எழுதியதையும், மறுநாளே அதை அழித்ததையும் பார்த்துவிட்டு நாலைந்து பேர் "என்ன டீச்சர் ஆச்சு?" என்று கேட்டீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்தவர் என்பது சொந்தங்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க ஓடுகிற ரயிலில் தபால் பிரித்துவிட்டுக் காலையில் வந்தால், படுப்பதற்கு முன்னால் ஆல்பத்தைத் திறந்து ஐந்து நிமிஷம் பார்ப்பார். பதினொரு ஆல்பம் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். பையனுக்கு அதில் ஆசை இல்லை. "பூச்சி அரிக்கிறதுக்கு முன்னாடி, ஆசைப்படுறவங்க கைக்குப் போகட்டும்மா" என்றான். ஃபேஸ்புக்கில் அந்தக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

அங்கே ஏலம் எப்படி என்றால், நாம் ஸ்டாம்பைப் படம் எடுத்துப் போட வேண்டும். ஆரம்ப விலை, எவ்வளவு எவ்வளவாக ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்கு முடியும் என்று எழுத வேண்டும். கேட்பவர்கள் கீழே தொகையை எழுதுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு யார் தொகை மேலே நிற்கிறதோ அவருக்கு. மூன்று நாளைக்குள் ஜிபேயில் பணம், பணம் வந்ததும் ஸ்பீடு போஸ்ட்.

எங்கள் ஊரில் புளியமரம் ஏலம் விடும்போது டெபாசிட் கட்டினவன்தான் கூட்டத்துக்குள் நிற்கலாம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சொல்லி முடித்தபின் ஒருவன் பின்வாங்கினால், அந்த டெபாசிட் போய்விடும். டீக்கடையில் தலை காட்டவும் முடியாது. இங்கே டெபாசிட்டும் கிடையாது, டீக்கடையும் கிடையாது. படத்தில் இருப்பது அவர் முகமா, விஜய் முகமா என்பதே தெரியாது.

பத்து ஏலத்தில் ஒன்பது ஒழுங்காக முடிந்தன. மீதி ஒன்றுதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஒருவர், "சும்மா ஏத்திப் பாத்தேன் மேடம், என் தலையிலயே விழும்னு நினைக்கல" என்றார். இன்னொருவர், பணம் அனுப்பியதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பேங்க் கணக்கைப் பார்த்தால் ஒரு பைசா வரவில்லை. படத்தில் பச்சை டிக் போடுவது இப்போது குழந்தை விளையாட்டாம்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. முதல் ஆள் கைவிட்டதும், இரண்டாவதாகக் கேட்டவரிடம் போனேன். அவர், "விலையை ஏத்திவிட்டது உங்க ஆளுதானே டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்த கை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் கோபத்தோடுதான் அந்தப் பெரிய ஆல்பத்தை ஏலத்துக்கு விட்டேன். 1960-இல் வந்த திருவள்ளுவர், பாரதியார் ஸ்டாம்புகள், 1968 உலகத் தமிழ் மாநாட்டு ஸ்டாம்பு, 1972-இல் வந்த வ.உ.சி. என்று, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் தேதி எழுதி அவர் ஒட்டி வைத்திருந்த ஆல்பம். 1,500 ரூபாயில் ஆரம்பித்தது, 6,300-இல் முடிந்தது. ஈரோட்டுப் பக்கத்துக்காரர் ஒருவர். படத்தில் மீசையும் வேட்டியுமாகக் கண்ணியமாக இருந்தார்.

மூன்று நாள் ஆயிற்று. செய்தி அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஐந்தாம் நாள் மறுபடி, ஏழாம் நாள் மறுபடி. குழு நிர்வாகி, "பேரைப் போட்டு எழுதுங்க டீச்சர், அப்பதான் மத்தவங்களுக்குப் பயம் இருக்கும்" என்றார். எழுதினேன். அவர் பெயர், படம், நான் அனுப்பிய மூன்று செய்திகள், எல்லாவற்றையும் போட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் அறுபதுக்கு மேல் கருத்துகள். திருடன், பிராடு, அதற்கு மேலும். யாரோ ஒருவர் அவர் வேலை செய்யும் லாரி புக்கிங் ஆபீஸ் பக்கத்திலும் போய் எழுதிவிட்டார்.

பத்து மணிக்குப் போன் வந்தது.

"அம்மா, நான் ஸ்டாம்பே வாங்கறதில்லீங்க. ஏலம்னா என்னன்னே தெரியாதுங்க. பையன் ஒன்பதாவது படிக்கறான், என் போனைத்தான் வச்சிருப்பான். அவன்தான் கேட்டிருக்கான். உங்க செய்தியைப் பாத்ததும் பயந்துபோய் எல்லாத்தையும் அழிச்சிட்டான். முதலாளி கூப்பிட்டுக் கேட்டப்பத்தான் எனக்கே தெரிஞ்சதுங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "6,300-ஐ மொத்தமா தர முடியாதுங்கம்மா, மாசம் ஆயிரம்னு குடுத்துடறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லவே எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

உடனே பதிவை அழித்தேன், என் தவறு என்று குழுவில் எழுதினேன். முதல் பதிவுக்கு அறுபது கருத்து, மன்னிப்புப் பதிவுக்கு நாலு.

அன்று மத்தியானம் நினைவுக்கு வந்ததைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1993, ஐந்தாம் வகுப்பு. டிசம்பர் 7 கொடிநாளுக்குப் பிள்ளைகளிடம் காசு வசூலிப்போம். ஆளுக்கு ஒரு ரூபாய். கொண்டுவராதவர்கள் பெயரைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைப்பேன். தந்ததும் அழிப்பேன். வசூல் சீக்கிரம் முடிய நல்ல வழி என்று பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

கடைசியில் ஒரே ஒரு பெயர் நின்றது. இரண்டு நாள் நின்றது. இரண்டாம் நாள் அவன் சத்துணவு வரிசைக்கே வரவில்லை. மூன்றாம் நாள் நாலு நாலணா கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். காசில் மஞ்சள் ஒட்டியிருந்தது. எந்தச் சாமிக்கு முடிந்து வைத்த காசோ. நான் எண்ணி வாங்கிக்கொண்டு, பெயரை அழித்துவிட்டு, கணக்குப் பாடம் நடத்தப் போய்விட்டேன்.

அவனிடம் காசு இல்லையா, வீட்டில் கேட்கப் பயமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரோட்டுக்காரரிடமும் போன் பண்ணிக் கேட்கவில்லை. ஒரு போன் பண்ணியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவியிடம் கேட்டேன். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, சுத்தியல் தட்டி முடித்ததும் விற்பனை முடிந்த மாதிரிதானாம். அதற்கு முன்னால் வரை கேட்டவர் பின்வாங்கலாமாம். ஆனால் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது. "கேஸே நிக்காது டீச்சர்" என்று சிரித்தாள். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஈபே என்கிற பெரிய ஏலத் தளத்தில், 2008-லிருந்து விற்பவர் வாங்குபவரைப் பற்றிக் குறையாக மதிப்பெண் போட முடியாது. பணம் வரவில்லையென்றால் நாலு நாள் கழித்து ரத்து செய்யலாம். அப்படி ரத்தானது வாங்குபவர் கணக்கில் பதிவாகும், அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் கேட்க முடியாதபடி தடுத்தும் வைக்கலாம். ஊரைக் கூட்ட வேண்டியதில்லை.

அதனால் இப்போது நான் செய்வது இவ்வளவுதான்:

1. ஆயிரத்துக்கு மேல் போகும் பொருளுக்குப் புதியவர் யாராவது கேட்டால், ஏலம் முடிவதற்கு முன்பே போனில் பேசிவிடுகிறேன். குரல் கேட்டால் பாதி தெரிந்துவிடும். அவரிடம் நூறு ரூபாய் முன்பணமும் கேட்கிறேன். நம் புளியமர டெபாசிட்தான்.

2. ஏலம் முடிந்த அன்றே, தபால் செலவு சேர்த்து மொத்தம் எவ்வளவு, என்ன தேதிக்குள் என்று எழுதி அனுப்புகிறேன்.

3. மூன்றாம் நாள் செய்தி அனுப்புவதில்லை, போன் செய்கிறேன். "முடியலைன்னா இப்பவே சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல" என்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கே பலர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

4. அவர் கைவிட்டால், இரண்டாவது ஆளுக்கு அவர் கேட்ட விலைக்கே தருகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்துவதில்லை.

5. வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர் என்று உறுதியானால் நிர்வாகியிடம் தனியாகச் சொல்கிறேன். அவர் குழுவிலிருந்து நீக்கட்டும். எனக்கு இரக்கம் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள், இப்படி இரண்டு பேரை நீக்க வைத்திருக்கிறேன்.

6. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பாதீர்கள், பேங்க் கணக்கைப் பாருங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

ஆல்பம், இரண்டாவதாகக் கேட்ட சேலத்துக்காரருக்கு 6,200-க்குப் போய்விட்டது. ஈரோட்டுப் பையன் போன வாரம் ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கிறான். மன்னிப்பு ஒரு வரி. மீதி எல்லாம் திருவள்ளுவர் ஸ்டாம்பு தனியாகக் கிடைக்குமா, நாற்பது ரூபாய் சேர்த்திருக்கிறேன், அப்பாவிடம் கேட்டுவிட்டேன் என்று. டூப்ளிகேட் ஒன்று இருந்தது. நாற்பது ரூபாயை வாங்கிக்கொண்டே அனுப்பினேன். சும்மா கொடுத்தால் அவன் மனசில் அந்தப் பழைய கணக்கு அப்படியே நிற்கும்.

கரும்பலகையில் கடைசியாக நின்ற அந்தப் பெயரை நான் மறக்கவில்லை, இங்கே எழுதவும் மாட்டேன். ஒரு முறை எழுதினது போதும். தம்பி, நீ இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் பண்ணு. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியதை இன்றைக்காவது கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்